துணியில் ஏறும் நிழற்படம்

கைபேசியிற் பிடித்த நிழற்படம் ஒன்று, கணினியிற் சில மணி நேரம் திருத்தப்பட்டு, சில நாட்களுக்குள் புடைவையாகவோ சட்டைத் துணியாகவோ ஒருவர் கைக்கு வந்து சேரும் காலம் இது. ஜொகூர் பாருவிலும் பத்து பகாட்டிலும் குளுவாங்கிலும் வாழும் நேயர்கள் இத்தகைய துணிகளைக் கடைகளிற் கண்டிருக்கக் கூடும். “இயந்திரம் செய்கிறது, இதில் வியப்பென்ன?” என்று கடந்து போவாரும் உளர். “கைத்தொழில் ஒழிந்தது” என்று பெருமூச்சு விடுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஆடையின் சரித்திரத்தைச் சற்றே திரும்பி நோக்குவாராயின் வேறொரு செய்தி புலப்படும்.

அச்செய்தி யாது? தறியை உடையவனைக் காட்டிலும், தறியில் ஏறும் சித்திரத்தை உடையவனே எக்காலத்தும் மேலோங்கி நின்றான் என்பதாம். நூற்றவரும் நெய்தவரும் சாயமிட்டவரும் கூலி பெற்றனர். இன்ன பூ, இன்ன கரை, இன்ன நிறம் என்று தீர்மானித்தவர் இலாபம் பெற்றனர். கடைக்காரர் ‘டிசைன்’ என்று கூறும் அந்த உருவரையைத் தீர்மானிக்கும் ஆசனம், இப்பொழுதுதான் ஏழைத் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்திற்கு வந்திருக்கின்றது. அதில் நாம் அமர்வோமா, அன்றி எட்ட நின்று வேடிக்கை பார்ப்போமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. அதற்கு விடை காண, முதலில் இந்நாட்டுக்கு நம் துணி வந்த வழியை அறிதல் வேண்டும்.

பழவேற்காட்டுத் துணி

மலாக்காவை 1511-ஆம் ஆண்டில் போர்த்துகேசியர் கைப்பற்றினர். அவ்வரச வமிசத்தார் பிந்தான் தீவில் தங்கிப் பின்னர் ஜொகூர் ஆற்றங்கரையில் தம் ஆட்சியை நிலைநாட்டினர். ஜொகூர் அரசு இவ்வாறு தோன்றுமுன்னரே, சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குத் துணிமூட்டைகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. 1512 முதல் 1515 வரையில் அங்கிருந்து குறிப்பெழுதிய தொமே பீரஸ் என்னும் போர்த்துகேசியர், ‘கிளிங்’ எனப்பட்ட நம் வணிகரையும் அவர் கொணர்ந்த துணிகளையும் குறித்திருக்கின்றார். கிழக்கே உள்ள தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் மிளகும் வாங்க விரும்பியவர் வெள்ளிப் பணத்தை மாத்திரம் நம்பியிருக்க முடியவில்லை. அத்தீவினர் விரும்பிக் கேட்டது இந்தியத் துணி. ஒல்லாந்தர் இதை நன்கறிந்தனர். ஆகவேதான் அவர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் வாணிபத் தளம் அமைத்து, 1613-இல் ஜெல்டிரியா என்னும் கோட்டையையும் கட்டினர். நறுமணப் பொருளுக்காகக் கடல் கடந்தவர் துணிக்காகக் கோட்டை கட்டிய விந்தை இது.

பழவேற்காட்டின் பெயர் இன்றும் இந்நாட்டில் நாள்தோறும் ஒலிக்கின்றது. மலாய்க்காரர் வீட்டிலும் தொழுகைக்குச் செல்லும்போதும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. ஊர் சிறுத்துப் போயிற்று. கோட்டை இடிந்து போயிற்று. கட்டம் மாத்திரம் அழியவில்லை. கட்டத்தின் அளவும் நிறமும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கட்டம் விலை போகும் என்பதை வணிகன் அறிந்திருந்தான். மாதிரித் துண்டைக் கொண்டுபோய் நெசவாளியிடம் கொடுத்து, அவ்வண்ணமே நெய்யச் சொன்னான். முன்பணமும் அவனே கொடுத்தான். ஆகலின் நெசவாளி தன் துணிக்கு உரியவனாயினும் அதன் உருவரைக்கு உரியவனாகவில்லை. நாம் கூறப் புகுந்த கதையின் முதல் முடிச்சு இதுவே.

மாதிரிப் புத்தகங்கள்

கட்டத் துணியோடு பூவேலைச் சீட்டித் துணியும் அக்கரையிலிருந்து புறப்பட்டது. அதன் செய்முறை எளிதன்று. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்ப்பர். சிவப்பு ஏறவேண்டிய இடங்களில் படிகார நீரால் வரைவர். பின்னர்ச் சாயவேர் காய்ச்சிய நீரில் இட, படிகாரம் பட்ட இடம் மாத்திரம் சிவக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். தமிழரும் தெலுங்கருமான தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற இந்த வித்தை, எத்தனை முறை வெளுத்தாலும் போகாத நிறத்தைத் தந்தது. ஐரோப்பியச் சாயக்காரருக்கு அக்காலத்தில் அது கைவராத காரியம்.

கைவராததைக் கற்க அவர் முயன்றதில் பிழை காண முடியாது. 1734-ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படையாளர், துணி எழுதும் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டைச் சேகரித்துக் குறிப்புடன் அனுப்பினார். 1742-இல் கேர்தூ பாதிரியார் அதே தொழிலை விரிவாக எழுதிய கடிதம் பிரான்சில் அச்சேறிப் பரவிற்று. ஆனால், ஒருபுறம் வித்தையைக் கற்றுக்கொண்டே மறுபுறம் அந்நாட்டார் வாயிலை அடைத்ததையும் நாம் காண்கிறோம். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை சீட்டித் துணியைத் தடுத்து வைத்தது. இங்கிலாந்து 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சடித்த இந்தியத் துணியின் இறக்குமதியை உள்நாட்டுப் புழக்கத்துக்கு விலக்கியது. 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சடித்த பருத்தித் துணி பெரும்பாலானவற்றை உடுத்துவதையே குற்றமாக்கிற்று. கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தம் பிழைப்புக்காக எழுப்பிய கூச்சல் அதற்குக் காரணம். அங்கே நெசவாளர் குரல் சட்டசபைக்கு எட்டிற்று. நம் நெசவாளர் குரலுக்கு அத்தகைய சபை ஏது?

பின்னர் 1783-இல் தாமஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்தியர் உருளையால் துணியில் அச்சிடும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். கட்டையை ஒவ்வொரு முறையும் கையால் ஒற்றிய வேலையைச் சுழலும் செப்புருளை இடைவிடாது செய்தது. அதற்கு 4 ஆண்டுகளுக்குப்பின், 1787-இல், இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதுச் சித்திரம் ஒன்றைத் துணியில் அச்சிட்டவருக்கு 2 மாத காலம் வரை அது தனியுடைமை என்று அச்சட்டம் கூறிற்று. 2 மாதம் அற்பமெனத் தோன்றலாம். எனினும், நூலன்று, சாயமன்று, உருவரையே சொத்து என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்ட நாள் அது.

இதனோடு ஒப்பிட வேண்டியது 1866-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. இலண்டனில் இந்தியா ஆபீஸைச் சேர்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், இந்தியாவின் பல பகுதிகளிலும் நெய்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டிப் புத்தகமாக்கினார். இவ்வாறு 20 வரிசைகள் செய்யப்பட்டன. அவற்றுள் 13 வரிசைகள் பிரிட்டனிலேயே தங்கின. 7 வரிசைகள் இந்தியாவுக்குச் சென்றன. இந்திய மக்கள் எவ்விதத் துணியை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை அங்குள்ள ஆலைக்காரர் அறிந்து, அதைப் போலவே செய்து விற்க வேண்டுமென்பதே நோக்கம். தலைப்பாகை, புடைவை, வேட்டி, கைலி எல்லாம் அத்தொகுதிகளில் உண்டு. அவற்றை நெய்தவருக்குக் காசு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அங்கே சித்திரத்துக்குச் சட்டத்தின் காவல். இங்கே சித்திரத்துக்குக் கத்தரிக்கோல். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர், நம் தறிகள் ஓய்ந்ததற்கு நீராவி ஒன்றே காரணமன்று என்பதை உணர்வர்.

கம்பீர் இலையும் செப்பச்சும்

நிற்க. இக்கதையில் ஜொகூருக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டா. 19-ஆம் நூற்றாண்டில், ரப்பர் வருமுன்னர், இம்மாநிலத்தின் செல்வமாக இருந்தவை கம்பீரும் மிளகும் ஆகும். ஆற்றோரங்களில் ‘கங்சூ’ எனப்படும் சீனத் தலைவர் காடு திருத்தி இவ்விரண்டையும் பயிரிட்டனர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை ஒத்தது கம்பீர். அதன் இலையைக் கொப்பரையிற் காய்ச்சி வற்றவைத்து, கட்டியாக்கிச் சிங்கப்பூர் வழியாக ஏற்றுமதி செய்தனர். ஐரோப்பாவில் அது தோல் பதனிடவும் பருத்தித் துணிக்குப் பழுப்பு நிறமேற்றவும் பயன்பட்டது. எனவே, பழவேற்காட்டுக் கட்டத்தை உடுத்திய ஜொகூர், அயல்நாட்டுச் சீட்டிக்குச் சாயமும் தந்தது. 1862 முதல் 1895 வரை ஆண்ட அபு பக்கார் காலத்தில் இவ்வாணிபத்தால் மாநிலம் தழைத்தது. அந்நன்றி மறவாது, ஜொகூரின் அரசச் சின்னத்தில் கம்பீர் இலையும் மிளகுக் கொடியும் இன்றும் இடம் பெற்றிருக்கின்றன. பின்னர் ரப்பர் மேலோங்கிற்று. 1909-இல் இருப்புப்பாதை மாநிலத்தை ஊடறுத்து முடிந்தது. கங்சூ முறை 1917-இல் ஒழிந்தது. நம்மவர் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களுக்கு வந்து பால்மரம் சீவத் தொடங்கிய காலம் இதுவே.

அக்காலத்தில் அண்டையிலுள்ள ஜாவாவிலும் ஒரு போராட்டம் நடந்தது. மெழுகால் எழுதிச் சாயமேற்றும் பாத்திக் துணியைப் போலியாகச் செய்து, சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பகுதியிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் ஆலைகள் அனுப்பத் தொடங்கின. ஜாவாக்காரர் வாளாவிருக்கவில்லை. செம்புத் தகட்டை வளைத்து அச்சுச் செய்து, அதை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றினர். ‘சாப்’ எனப்படும் அந்த அச்சு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிற்று. ‘சாந்திங்’ என்னும் மெழுகுப் பேனாவால் மாதக் கணக்கில் எழுதவேண்டிய துணி சில நாட்களில் முடிந்தது. விலை இறங்கிற்று, தொழில் பிழைத்தது. இதனை முழு வெற்றி என்று கூறிவிட முடியாது. சாந்திங் பெண்களின் கருவி. சாப் ஆண்களின் கருவியாயிற்று. தொழில் தப்பியபோது பெண்களின் கூலி குறைந்தது. ஆயினும் முதன்மையான பாடம் ஒன்று உண்டு: சித்திரம் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. கருவியை வெறுத்துத் தள்ளாமல் தமதாக்கிக்கொண்டமையால், எந்தப் பூவை ஒற்றுவதென்பதை அவர்களே தீர்மானித்தனர்.

துளையிட்ட அட்டை

சித்திரம் கணினிக்குள் புகுந்த விதத்தை இனிக் காண்போம். அவ்வழியும் தறியிலிருந்தே தொடங்குகின்றது. பூவேலை நெசவில் எந்தெந்தப் பாவுநூலை எப்பொழுது தூக்குவது என்பதே கடினமான பகுதி. காஞ்சிபுரத்தில் ‘அடை’ என வழங்கிய நூற்கட்டு முறையால், துணையாள் ஒருவர் நூலை இழுத்துக் கொடுக்க நெசவாளி நெய்தார். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804-இல் இதற்கு ஒரு வழி கண்டார். அட்டையில் துளையிட்டால், துளையுள்ள இடத்தில் நூல் எழும். துளையில்லா இடத்தில் எழாது. ஓர் அட்டை ஓர் ஊடைக்கு. அட்டைகளைக் கோத்துத் தறியில் மாட்டினால் பூ தானே மலரும்.

1839-இல் லியோன் நகரத்தார் அந்த ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர் அதைச் செப்புத்தகட்டு ஓவியம் என்றே மயங்கினர். கணிப்பொறியின் முன்னோடி என்று போற்றப்படும் சார்லஸ் பாபேஜ் அப்பட்டுப் படம் ஒன்றைப் பெற்றுத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பொறிக்கும் துளையட்டையையே பயன்படுத்த எண்ணினார். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களால் ஓர் உருவத்தை எழுதலாம் என்பதைத் தறி உலகுக்குக் கற்பித்தது. கணினி கற்றது தறியிடம் என்பதை நெசவாளர் மக்கள் பெருமையோடு நினைக்கலாம். அந்த லியோன் நகரிலேயே, வேலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு 1831-இல் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்து, படையால் அடக்கப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. அட்டையில் அடங்கிய சித்திரம் வணிகர் வசம் இருந்தது. பசி நெசவாளர் வசம் இருந்தது.

நிழற்படம் எண்ணாக மாறியது 1957-இல். அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தில் ரசல் கிர்ஷ் என்னும் அறிஞர், தம் கைக்குழந்தையின் சிறு படம் ஒன்றைக் கணினிக்குள் செலுத்தினார். நெடுக்கில் 176 புள்ளி, குறுக்கில் 176 புள்ளி, மொத்தம் 30,976. ‘பிக்சல்’ என்று இப்பொழுது கூறப்படும் படப்புள்ளி இதுவே. இதை விளங்கிக்கொள்ள நமக்கு அயல்நாட்டு உவமை வேண்டுவதில்லை. ஜொகூர் பாருவிலுள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலின் சுவரும் கூரையும் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டவை. கிட்டச் சென்றால் துண்டு துண்டாகத் தெரிவது, எட்ட நின்றால் முழு உருவமாகின்றது. கணினிப் படமும் அவ்வாறே. இன்று 4,000-க்கு 3,000 புள்ளி அளவில் படமெடுக்கும் கைபேசி, 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை ஒரு நொடியில் இழைத்துவிடுகின்றது.

புள்ளிகளைத் திருத்தும் மென்பொருள்களுள் பேர்பெற்றது தாமஸ், ஜான் நோல் என்னும் சகோதரர் உருவாக்கி அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப். அது விலைக்கு உரியது. ஆனால் 1996-இல் வெளிவந்த கிம்ப் என்னும் மென்பொருள் யாவருக்கும் இலவசம். ஏறக்குறைய அதே வேலைகளைச் செய்கின்றது. ஏழை மாணவனுக்குக் கதவு திறந்தது இங்கேதான்.

படம் துணியாகும் விதம்

ஒரு படம் துணிச் சித்திரமாவதற்குச் சில படிகள் உள. முதலாவது, நிறத்தைக் குறைத்தல். ரப்பர் மரப்பட்டையை நிழற்படம் எடுத்தால் அதில் ஆயிரக்கணக்கான பழுப்பு வேற்றுமைகள் இருக்கும். அவற்றை 6 அல்லது 8 நிறங்களாகச் சுருக்கினால், உளி சென்ற சாய்வரிகள் தெளிந்து சித்திரமாகும். எதை விடுவது என்று தெரிந்தவனே கலைஞன். மென்பொருள் அதைச் சொல்லிக் கொடாது.

இரண்டாவது, தொடர்ச்சி. துணி நீளமானது, படமோ சிறியது. படத்தின் வலவோரம் இடவோரத்தோடும், மேலோரம் கீழோரத்தோடும் மூட்டுத் தெரியாமல் இணைய வேண்டும். நம் பெண்மக்கள் வாசலிற் புள்ளிவைத்துக் கோலத்தை எத்திசையும் வளர்ப்பது போன்ற கணக்கு இது. பக்கத்து வரிசையைப் பாதி இறக்கி வைத்தால், கண்ணுக்குக் கட்டம் தெரியாமற் பூ பரந்தாற்போல் தோன்றும்.

மூன்றாவது, அளவு. துணிக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி பொதுவாகப் போதும். அக்கணக்கில் மேற்கூறிய கைபேசிப் படம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் அகலமும் 51 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பரப்பை நிரப்பும். அதற்குமேல் இழுத்தால் உருவம் மழுங்கும்.

நான்காவது, நிறத்தின் ஏமாற்று. திரையில் ஒளி நிறம் காட்டுகின்றது. துணியில் சாயம் நிறம் காட்டுகின்றது. திரையிற் சுடர்விட்ட பச்சை, துணியில் மங்கிவிடும். ஆகவே ஒரு முழம் அச்சிட்டுப் பார்த்துப் பின்னரே மிகுதியை அச்சிடல் அறிவுடைமை.

பருத்தித் துணியாயின், சாயம் பற்றுவதற்கான காரப்பொருளை முன்பே ஏற்றி உலர்த்தி, மைத்துளிகளைத் தெளிக்கும் இயந்திரத்தால் அச்சிட்டு, நீராவியில் வேகவைத்து, ஒட்டாத சாயம் போக அலசவேண்டும். பாலியெஸ்டர் துணியாயின், காகிதத்தில் அச்சிட்டு ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் அழுத்த, சாயம் ஆவியாகி இழைக்குள் புகும். பழைய திரையச்சு முறையில் நிறத்துக்கு ஒரு சட்டம் செய்யவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான முழம் அச்சிட்டாலன்றி முதல் திரும்பாது. புதிய முறையிலோ ஒரே ஒரு முழத்தையும் அச்சிடலாம். முதலாளியின் பெரும்பணமின்றி, தனி ஒருவர் தம் சித்திரத்தைத் துணியாக்கிக் காண வழி ஏற்பட்டதன் காரணம் இதுவே.

காஞ்சியும் மதுரையும் காட்டும் பாடம்

படத்தைத் துணியாக்குவதில் தாயகத்தார் பெற்ற அனுபவம் நமக்குப் பயன்படும். இராஜா ரவிவர்மா தம் ஓவியங்களை ஊரார் யாவரும் பெறும்பொருட்டு 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அவ்வோவியங்கள் 11-ஐ ஒரே பட்டுப் புடைவையில் நெய்து, சென்னை சில்க்ஸ் நிறுவனம் 2008-இல் ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய்க்கு விற்றது. உலகிலேயே விலையுயர்ந்த புடைவையென அது கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. ஓவியரின் பெயர் உலகறிந்தது. கடையின் பெயரும் உலகறிந்தது. நெய்த கைகளின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? சித்திரம் நெசவாளியுடையதன்றாயின், எத்துணை அரிய வேலையும் பிறர் புகழுக்கே படியாகின்றது.

மதுரைச் சுங்குடி மற்றொரு பாடம். துணியை நகத்தாற் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால் விண்மீன்போற் புள்ளிகள் தோன்றும். சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த இக்கலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அப்புள்ளிகளை அச்சிலும் மெழுகொற்றிலும் போலி செய்த புடைவைகள் சந்தையை நிறைத்துவிட்டன. முடிந்தவரின் கூலிக்கும் ஒற்றியவரின் கூலிக்கும் உள்ள வேற்றுமையை வாங்குவோர் அறியார். சட்டத்தின் காவல் தாமதித்து வந்தால், காக்கவேண்டிய பொருள் குறைந்துபோகும்.

நாம் செய்யத்தக்கவை

இனி ஜொகூருக்குத் திரும்புவோம். இம்மாநிலத்தில் பத்து பகாட் துணித்தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். ஏறத்தாழ 70 தமிழ்ப் பள்ளிகள் இங்குள்ளன. தோட்டங்களோ மறைந்து வருகின்றன. ரப்பர்க் காடு எண்ணெய்ப்பனைக் காடாயிற்று. பின்னர் வீடமைப்பு நிலமாயிற்று. 2006-இல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் தொடங்கியபின் தென் ஜொகூரில் அம்மாற்றம் விரைந்தது. லயத்து வீடுகள், பால் மங்கு, காண்டா வாளி, விடியற்காலைப் பெரட்டு, சீவிய பட்டையின் சாய்வரி ஆகிய இவையெல்லாம் ஒரு சமூகத்தின் நூறாண்டு உழைப்பின் அடையாளங்கள். இவற்றுட் பலவற்றின் நிழற்படங்கள் வீட்டுப் பெட்டிகளில் மங்கிக் கிடக்கின்றன. மலாய்க் கலைஞர் கம்பீர் இலையையும் மிளகுக் கொடியையும் துணியில் ஏற்றி, மாநிலத்தின் பெயரை உடுத்தச் செய்கின்றனர். அவ்வாறே நம் உழைப்பின் உருவங்களும் துணியேறத் தகுதி உடையவை அல்லவா? பிறர் வரைந்த மயிலையும் மாங்காயையும் காசு கொடுத்து வாங்கி உடுத்தும் நாம், நம் பாட்டன் பிடித்த உளியின் வரியை உடுத்த நாணுவதேன்?

இப்பணியில் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் நான்கு.

முதலாவது, பிறர் படத்தைத் திருடலாகாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தையும் காக்கின்றது. இணையத்தில் கண்ட படமெல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணுவது அறியாமை. கிளந்தான் கலைஞர் மெழுகால் எழுதிய பாத்திக்கைப் படம் பிடித்து அச்சடிப்போமாயின், மாதிரிப் புத்தகம் செய்தவருக்கும் நமக்கும் வேற்றுமை யாது?

இரண்டாவது, நம் சித்திரத்தை நாமே காத்துக்கொள்ளல் வேண்டும். 1996-ஆம் ஆண்டுத் தொழில் உருவரைச் சட்டப்படி புதிய உருவரையைப் பதிவு செய்யலாம். முதலில் 5 ஆண்டு. புதுப்பித்து 25 ஆண்டு வரை நீட்டலாம். கடைவீதியிற் பரப்பிய பின்னர்ப் பதியச் சென்றால் புதுமை போய்விடும்; ஆதலின் முதலிற் பதிவு, பின்னர் விற்பனை.

மூன்றாவது, உண்மை கூறி விற்றல். அச்சுத் துணியை அச்சுத் துணி என்றே சொல்லவேண்டும். அதைப் பாத்திக் என்றும் கைத்தறி என்றும் கூறி விற்பது, மெழுகும் தறியும் நம்பி வாழ்வோர் வயிற்றில் அடிப்பதாகும். மனிதர் முகத்தைத் துணியில் ஏற்றுமுன் அவரது சம்மதத்தைப் பெறுவதும் இந்நேர்மையைச் சேர்ந்ததே. பால்மரம் சீவிய மூதாட்டி ஒருத்தியின் உருவம் பிறர் தோளிலும் தலையணையிலும் விலைபோவதற்கு அவள் உடன்பட வேண்டும். வருவாயில் அவளுக்குப் பங்கும் வேண்டும்.

நான்காவதே தலையாயது. வித்தையை மூடிவைத்தலாகாது. நம் முன்னோர் தொழிலைக் குலத்துக்குள் அடைத்து, தந்தை மகனுக்கன்றி மற்றெவர்க்கும் சொல்லாமற் காத்தனர். அதனால் குலம் வறுமையுற்றபோது வித்தையும் உடன் மாண்டது. அயலார் எழுதிவைத்த கடிதமே மிஞ்சிற்று. இன்று இக்கருவிக்குச் சாதியில்லை. ஆண் பெண் என்னும் வரம்பும் இல்லை. தோட்டத்து வாசகசாலையிலும் பட்டணத்துச் சங்கத்திலும் வாரம் ஓர் இரவு கூடி, ஓவியமும் நிறக்கணக்கும் மென்பொருளும் சேர்த்துக் கற்பிக்கலாம். விரலால் வரையத் தெரியாதவனுக்கு மென்பொருள் வேகத்தைத் தருமேயன்றி விழியைத் தராது. ஆகலின் ஓவியம் முதற்பாடமாதல் வேண்டும். மெழுகுப் பேனாவை இழந்த ஜாவாப் பெண்களின் நிலை நம் பெண்களுக்கு நேராவண்ணம், கணினியின் முன் முதல் நாற்காலி அவர்களுக்கே தரப்பட வேண்டும். கோலத்தின் கணக்கு அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றது.

தோழர்களே! நூற்றாண்டுகளாகத் துணியைச் சுமந்தோம், நெய்தோம், தோய்த்தோம், உடுத்தோம். அதன் சித்திரத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மாத்திரம் பெறவில்லை. அவ்வுரிமையை எந்த அரசாங்கமும் நமக்குப் பட்டயமாக எழுதித் தரப்போவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளும், பெட்டியில் உறங்கும் ஒரு பழைய படமும், ஒரு முழத் துணிக்கான காசும் இருந்தாற் போதும், தொடங்கலாம். முதல் முழம் கோணலாக வரும். இரண்டாம் முழத்தில் நிறம் தவறும். பத்தாம் முழம் நம்முடையதாக இருக்கும்.